கேக்குக்கு எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? ஜிம் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாஸ்டர்களுக்கும் கோச்களுக்கும்,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. விடிகாலை முதல் பேட்சில் வந்து, யாரோடும் அதிகம் பேசாமல், ட்ரெட்மில்லில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, சின்ன நோட்டு ஒன்றில் ஏதோ கிறுக்கிக்கொண்டு போகிற நாற்பது வயது தாண்டிய ஆள் எல்லா ஜிம்மிலும் ஒருவர் இருப்பார். அந்த ஆள்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒருநாள் நான் நடந்துகொண்டிருந்தபோது பக்கத்து மெஷினில் ஒரு பெண் ஏறினாள். கல்லூரியில் படிக்கிற வயது இருக்கும். மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டாள்: "மாஸ்டர், நேத்து ஃப்ரெண்டுக்குப் பர்த்டே. ஒரு பீஸ் கேக் சாப்பிட்டுட்டேன். எவ்ளோ நேரம் ஓடினா போகும்?" அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "முக்கால் மணி நேரம் ஓடு, எல்லாம் போயிடும்." அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இயர்போனை மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

கிரீம் தடவிய ஒரு துண்டு கேக்கில் 300, 400 கலோரி இருக்கும். ஒல்லியான ஒரு பெண் முக்கால் மணி நேரம் ஓடினால் திரையில் ஏறக்குறைய அதே எண் வரும். ஆக, மாஸ்டர் சொன்ன கணக்கு பெரிய தப்பில்லை. அந்தக் கேள்விக்கு நிமிஷக் கணக்கில் பதில் சொன்னதுதான் தப்பு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாஸ்டர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒரு வருடமாகத் தூக்க முடியாமல் இருந்த என் வலது தோளைப் பொறுமையாக வேலை வாங்கிச் சரி செய்தவர் அவர். டாக்டர் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற நாம், மாஸ்டர் சொன்னால் கேட்கிறோம். டாக்டரை வருடத்துக்கு இரண்டு தடவை பார்த்தால் அதிகம். உங்களை வாரத்துக்கு ஐந்து நாள் பார்க்கிறோம். உங்கள் ஒரு வரிக்கு அவ்வளவு எடை இருப்பதால்தான் அந்த வரியைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

என் நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். நடை முடிந்ததும் ட்ரெட்மில் திரையில் தெரிகிற கலோரி எண்ணைக் குறித்துவைப்பது சேர்ந்த நாள் முதல் என் பழக்கம். 290, 310, 305 என்று பக்கம் பக்கமாக இருக்கும். வங்கிப் புத்தகத்தில் வரவு ஏறுவதைப் பார்ப்பதுபோல அவ்வப்போது புரட்டிப் பார்த்துக்கொள்வேன். கையில் காசு இருந்தால் செலவு செய்யத் தோன்றும், இல்லையா? சாயங்காலம் ஆபீஸில் ஒரு பாட்டில் குளிர்பானம், கூடவே நாலு கிரீம் பிஸ்கட். ராத்திரி எண்ணெயில் பொரித்த ஏதாவது. "காலையிலதான் 300 எரிச்சோமே" என்று எனக்கு நானே அனுமதிச் சீட்டு எழுதிக்கொண்டேன்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. ஜிம்மில் கேட்டதற்கு "தசை ஏறியிருக்கும் சார்" என்றார்கள். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை, நம்பினேன். அப்புறம் ஒரு ரத்தப் பரிசோதனை. எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு 168. அறிக்கையைப் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிடுறீங்க?" நான் சொன்ன பதில், "டாக்டர், நான் தினமும் ஜிம்முக்குப் போறேன்." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரி. என்ன சாப்பிடுறீங்க?"

அன்று ராத்திரி சமையலறைத் தராசை எடுத்து மேஜையில் வைத்தேன். நான் தினமும் குடிக்கிற 500 மில்லி பாட்டிலின் லேபிளில் சர்க்கரை 53 கிராம் என்று போட்டிருந்தது. அதே அளவு சர்க்கரையை ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டேன். ஐந்து ஸ்பூனில் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். பதின்மூன்று ஸ்பூன் போட்ட பிறகும் 53 வரவில்லை, இன்னும் ஒரு சிட்டிகை வேண்டியிருந்தது. டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு வெறும் சர்க்கரை. அதை யாராவது என்னிடம் கொடுத்து அள்ளித் தின்னச் சொன்னால் சண்டைக்குப் போயிருப்பேன். தண்ணீரில் கரைத்து, வாயு ஏற்றி, சில்லென்று கொடுத்ததும் நாலு நிமிஷத்தில் குடித்துவிட்டு ஏப்பம் விட்டேன்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கிற சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம். முடிந்தால் அதிலும் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது என்றும் சொல்கிறது. என் ஒரு பாட்டில் மட்டுமே முழுநாள் கணக்கைத் தாண்டிவிட்டது. பிஸ்கட்டை இன்னும் எண்ணவே இல்லை.

இப்போது நடையின் பக்கம். நம் உடல் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கலோரியைச் செலவழிக்கும். 70 கிலோ ஆள் என்றால் மணிக்கு 70. அவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 245. திரையில் வந்த 300-ஐ விட்டுவிடுங்கள். பல மெஷின்களுக்கு நம் எடையைச் சொல்வதே இல்லை. கைப்பிடியில் சாய்ந்துகொண்டு நடக்கிறோம் என்பதும் அதற்குத் தெரியாது. சரி, 245 என்றே வைத்துக்கொள்வோம். அதில் 70 வீட்டில் சோபாவில் சாய்ந்திருந்தாலும் போயிருக்கும். நடந்ததால் கூடுதலாகப் போனது 175 மட்டும்தான். பாட்டிலில் இருந்தது 53 கிராம் சர்க்கரை, கிராமுக்கு 4 கலோரி, மொத்தம் 212.

நாலு நிமிஷத்தில் குடித்ததை ஒரு மணி நேரம் வியர்த்து நடந்தும் ஈடுகட்ட முடியவில்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதை நீங்கள் யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம். உங்களுக்குத் தெரியாத கணக்கு இல்லை. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது என்பது உங்கள் பயிற்சி வகுப்பிலேயே வந்திருக்கும். 175 வீதம் 44 நாள் நடந்தால் ஒரு கிலோ. அதுவும் சாப்பாட்டில் ஒரு வாய்கூடக் கூடாமல் இருந்தால்.

கூடத்தான் செய்யும். ஓடிவிட்டு வந்த அன்று பசி எடுக்கிறது. பசியே எடுக்காவிட்டாலும் நமக்கு நாமே பரிசு கொடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. கஷ்டப்பட்டுவிட்டோம் என்று மீதி நாள் முழுக்க லிஃப்டில் போகிறோம், நாற்காலியில் சரிந்து கிடக்கிறோம். காலையில் செலவழித்ததை உடல் மாலைக்குள் சத்தமில்லாமல் திரும்ப வசூலித்துக்கொள்கிறது.

இந்த வசூல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. தான்சானியாவில் ஹட்சா என்ற மக்கள் இன்னும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்கிறார்கள். ஆண்கள் நாளுக்குச் சுமார் 11 கிலோமீட்டர் நடக்கிறவர்கள். ஹெர்மன் பான்ட்சர் என்ற மானுடவியல் ஆய்வாளரும் அவரது குழுவும் அவர்கள் ஒருநாளில் செலவழிக்கிற மொத்தக் கலோரியை அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். வழக்கத்தைவிடக் கனமான அணுக்களால் அடையாளமிட்ட தண்ணீரைக் குடிக்கவைத்துச் சில நாள் சிறுநீரைப் பரிசோதித்து அளக்கிற நம்பகமான முறை அது. நாற்காலியிலேயே நாளைக் கழிக்கிற நகரவாசிகளைவிட இவர்கள் மிக அதிகம் செலவழிப்பார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உடற்பயிற்சி கூடக்கூட உடல் வேறு உள்வேலைகளில் சிக்கனம் பிடித்து மொத்தச் செலவை ஒரு வரம்புக்குள் வைத்துக்கொள்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். அந்தச் சிக்கனம் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் "இரண்டு மடங்கு ஓடு, இரண்டு மடங்கு குறையும்" என்கிற பள்ளிக்கூடக் கூட்டல் கணக்குக்கு உடல் கட்டுப்படுவதில்லை என்பது மட்டும் தெளிவு.

சாப்பாட்டுப் பக்கம் அப்படியே நேர்மாறு, அங்கே கூடுவதற்கு வரம்பே இல்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் பெரிதும் பதப்படுத்தி வரும் உணவும், இன்னொரு இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே மாதிரி. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்தபோது அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ ஏறியது. சமைத்த உணவில் அதே அளவு இறங்கியது. யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை, பேராசைக்காரர்களும் இல்லை. மென்மையாகவும் வேகமாகவும் உள்ளே போகிற உணவு, வயிறு போதும் என்று சொல்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்த 500-ஐ நடந்தே தீர்க்க வேண்டுமானால் 70 கிலோ ஆள் தினமும் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நடக்க வேண்டும். வேலைக்கு எப்போது போவது?

இதுவரை பேசியது எடை. உண்மையில் எனக்கு எடையைவிடப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. உணவை வெறும் கலோரியாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததே "எரிக்கிற" பேச்சுதான். கலோரி என்றால் எரித்துவிடலாம். எரியாதது எத்தனை இருக்கிறது!

இரும்புச்சத்து குறைந்தவர் எவ்வளவு ஓடினாலும் ரத்தத்தில் இரும்பு ஊறப்போவதில்லை. வேகமாக மூச்சு வாங்கும், அவ்வளவுதான். நார்ச்சத்து சாப்பிடாத குடலுக்கு ஆயிரம் சிட்-அப் போட்டாலும் நார்ச்சத்து கிடைக்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற உப்பின் அளவு நாளுக்கு 5 கிராமுக்கும் கீழே, ஒரு டீஸ்பூன்கூட வராது. பாக்கெட் தீனியிலும் உடனடி உணவிலும் அதைப்போல இரண்டு பங்கு தின்றுவிட்டு வியர்வையில் போய்விடும் என்று நினைத்துக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். நானே நினைத்திருக்கிறேன். ரத்த அழுத்தம் அப்படி நினைத்துக்கொள்வதில்லை. எல்டிஎல்லும் அப்படித்தான். உடற்பயிற்சி நல்ல கொழுப்பைக் கொஞ்சம் ஏற்றும், ரத்தத்தில் இருக்கிற இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடைக் குறைக்கும். தட்டில் தினமும் விழுகிற நிறைகொழுப்பால் ஏறிய எல்டிஎல்லைப் பெரிதாக அசைக்காது. என் 168 அப்படி வந்ததுதான். மெஷினில் 300 வந்த நாளிலும் அது ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பல் இன்னும் நல்ல உதாரணம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பல் மருத்துவப் பிரிவுக்கு வந்த 302 விளையாட்டு வீரர்களைப் பரிசோதித்து ஒரு ஆய்வு செய்தார்கள். அவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது. உலகத்திலேயே அதிகமாக உடற்பயிற்சி செய்கிற கூட்டம் அது. வயிற்றில் ஆறு கட்டு, கடைவாயில் ஓட்டை. இடைவிடாமல் உறிஞ்சுகிற சர்க்கரை பானங்களை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். சர்க்கரை பல்லைத் தாண்டித்தானே தசைக்குப் போக வேண்டும்!

இதைப் படித்தபோது வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிற கண்ணாடிக் குளிர்பெட்டிதான் ஞாபகம் வந்தது. உள்ளே வரிசையாக நீலம், ஆரஞ்சு, பச்சை. வழக்கமான ஸ்போர்ட்ஸ் ட்ரிங்கில் 100 மில்லிக்கு 6 கிராம் அளவில் சர்க்கரை. அரை லிட்டர் பாட்டிலில் 30 கிராம். மணிக்கணக்கில் வெயிலில் ஓடுகிற மாரத்தான்காரருக்கு அது தேவைப்படலாம். இருபது நிமிஷம் சைக்கிள் மிதித்துவிட்டு வருகிறவருக்குத் தண்ணீர் போதும். அந்தப் பெட்டியில் தண்ணீர் கீழ்த்தட்டில், குனிந்தால்தான் தெரிகிற இடத்தில் இருக்கிறது. வேண்டுமென்று வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பாருங்கள்.

பானம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. குறையெல்லாம் மனிதர்கள் உடம்பை அசைக்காததில்தான் இருக்கிறது, அவர்கள் சாப்பிடுவதில் இல்லை என்று நம்பவைப்பதால் லாபம் அடைகிறவர்கள் உண்டு. 2015-இல் அமெரிக்காவில் 'குளோபல் எனர்ஜி பேலன்ஸ் நெட்வொர்க்' என்ற அமைப்பு, உடல் பருமனுக்கு உணவைவிட உடலுழைப்புக் குறைவையே முன்னிறுத்திப் பேசிக்கொண்டிருந்தது. அதற்குப் பணம் கொடுத்தது கொகோ கோலா நிறுவனம் என்பதை அந்த வருடம் ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. எதிர்ப்பு கிளம்பியது. கொலராடோ பல்கலைக்கழகம் தனக்கு வந்த 10 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது. அந்த வருட முடிவுக்குள் அமைப்பே கலைந்துபோனது. நீங்கள் யாரும் அவர்களிடம் சம்பளம் வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். "ஓடு, போயிடும்" என்று சொல்கிறபோது அவர்கள் காசு கொடுத்துப் பரப்ப நினைத்ததை நீங்கள் இலவசமாகப் பரப்புகிறீர்கள், அவ்வளவுதான்.

"அப்போ எதுக்கு சார் ஜிம்முக்கு வர்றீங்க?" என்று உங்களில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்வி.

1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றி ஒரு ஆய்வை வெளியிட்டார். மாடிப் பேருந்து. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் நாள் முழுக்கப் படியேறி இறங்குவார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாகவும், வந்தாலும் அவ்வளவு கடுமையாக இல்லாமலும் இருந்தது. உடற்பயிற்சி இதயத்தைக் காக்கும் என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தப் பேச்சுக்கு அஸ்திவாரம் போட்ட ஆய்வுகளில் இது ஒன்று. இதில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்று வருடம் கழித்து வந்த பின்குறிப்புதான். மாரிஸின் குழு விட்டுவிடாமல், அந்த ஊழியர்களுக்குத் தைத்துக்கொடுத்த சீருடைகளின் அளவைத் தேடி எடுத்துப் பார்த்தது. டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு ஆரம்பத்திலிருந்தே பெரிதாக இருந்தது! அதாவது, வேலைக்குச் சேரும்போதே இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி இல்லை. தன் கண்டுபிடிப்பில் தானே ஓட்டை தேடுகிற அந்த நேர்மைக்காகவே அவரை நம்பத் தோன்றுகிறது. பிற்பாடு வந்த எத்தனையோ ஆய்வுகளும் உடற்பயிற்சியின் பக்கம்தான் நின்றன.

ஆகவே நான் வருவதை நிறுத்தப்போவதில்லை. நடந்தால் சர்க்கரை கட்டுப்படுகிறது, தூக்கம் வருகிறது, எடை குறையாவிட்டாலும் உறுப்புகளைச் சுற்றியிருக்கிற கொழுப்பு கரைகிறது. சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை இறக்கினால், போகிற எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தசை போன்ற கொழுப்பில்லாத பகுதியாக இருக்கும் என்கிறார்கள். வெயிட் தூக்கினால் அந்த நஷ்டம் குறைகிறது. இறங்கிய எடை திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்வதிலும் உங்கள் வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. இவ்வளவு நல்ல ஒன்றைத் தின்றதற்குக் கட்டுகிற அபராதமாக ஆக்கிவைத்திருக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பலன் என்பதற்கு இரண்டு ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன். 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 3,234 பேர் இருந்தார்கள். எல்லோரும் சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்கள். உணவை மாற்றி, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சியும் செய்து, எடையில் 7 சதவீதம் குறைக்க முயன்ற குழுவில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம். இன்னொன்று, பிரிட்டனில் சுமார் மூன்றரை லட்சம் பேரைப் பதினோரு வருட அளவுக்குத் தொடர்ந்து, 2022-இல் வெளியான ஆய்வு. நன்றாக உடற்பயிற்சியும் செய்து நன்றாகச் சாப்பிட்டும் வந்தவர்களுக்குத்தான் இறப்பு அபாயம் எல்லோரையும்விடக் குறைவு. உடற்பயிற்சி எவ்வளவு அதிகமாக இருந்தாலும் மோசமான உணவின் பாதிப்பை அது முழுசாகத் துடைக்கவில்லை என்பதுதான் ஆய்வாளர்களின் முடிவு.

சரி, உங்களிடம் நான் என்ன எதிர்பார்க்கிறேன்? நீங்கள் எல்லோரும் உணவியல் நிபுணர் ஆகிவிட வேண்டாம். தயவுசெய்து ஆகிவிடாதீர்கள். வெறும் முட்டை வெள்ளைக்கருவிலும் வேகவைத்த கோழியிலும் மூன்று மாதம் தள்ளச் சொல்லி எழுதித் தருகிற அட்டவணைகளை நான் பார்த்திருக்கிறேன். டப்பா டப்பாவாகப் பவுடர் விற்பதையும் பார்த்திருக்கிறேன். அது வேறு தலைவலி. சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு அப்படிப்பட்ட அட்டவணை ஆபத்தாகக்கூட முடியும். தெரியாத இடத்தில் "இதை ஒரு டயட்டீஷியனிடம் கேளுங்க" என்று சொல்வதற்கு எந்த மாஸ்டரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

நான் கேட்பது அதைவிடச் சின்னது. சேருகிற அன்று நிரப்பச் சொல்கிற படிவத்தில் உயரம், எடை, இடுப்பளவு, பழைய அடிபாடு, 'உங்கள் இலக்கு' எல்லாம் கேட்கிறீர்கள். 'நேற்று என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள்?' என்று ஒரே ஒரு வரி சேருங்கள். திருத்த வேண்டாம், திட்ட வேண்டாம், எழுதவைத்தாலே பாதி வேலை நடக்கும். இரண்டு வருடம் நோட்டு எழுதிய எனக்கு, எரித்த பக்கத்தை மட்டும் எழுதி உள்ளே போனதை எழுதாமல் விட்டது ஒருநாளும் உறைக்கவில்லை. மாசக் கடைசியில் எடை பார்த்துவிட்டு முகம் தொங்கிப்போகிற ஆளிடம் "கார்டியோவைக் கூட்டலாம்" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி, "குடிக்கிறதுல என்ன மாத்தலாம்?" அது போதும். தண்ணீரை மேல்தட்டுக்கு ஏற்றுங்கள். அப்புறம் ட்ரெட்மில்லுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிற அந்தப் போஸ்டர், தீப்பிடித்த பர்கருக்குப் பக்கத்தில் 'தின்னு, எரி, திரும்பத் தின்னு' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதே, அதைக் கழற்றிவிடுங்கள். இரண்டு வருடம் தினமும் ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் கேட்கிறேன்.

மறுபடி அந்தப் பெண்ணிடம் வருகிறேன். இந்த மடலில் நான் எழுதவே தயங்கிய பகுதி இதுதான், ஏனென்றால் எனக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒருவேளை விளையாட்டாகக் கேட்டிருக்கலாம். ஆனால் சாப்பிட்ட குற்ற உணர்ச்சியில், அதை ஈடுகட்டுவதற்காகவே அளவுமீறி உடற்பயிற்சி செய்வது, புலிமியா என்கிற உண்ணுதல் கோளாறில் மருத்துவர்கள் தேடிப் பார்க்கிற அறிகுறிகளில் ஒன்று. வாந்தி எடுப்பதும் பட்டினி கிடப்பதும் இருக்கிற அதே பட்டியலில் அதுவும் இருக்கிறது. என்னைப் போன்ற ஆளுக்கு "ஓடினால் போய்விடும்" என்கிற வரி இன்னொரு பாட்டில் குடிக்கிற தைரியத்தைக் கொடுத்தது. வேறொருவருக்கு அதே வரி ஒரு துண்டு கேக்கைக் குற்றமாக்கிவிடும். ஒரே மருந்து, இரண்டு பேருக்கும் விஷம். நண்பியின் பிறந்தநாளில் ஒரு துண்டு கேக் சாப்பிடுவதில் போக்க வேண்டியது என்ன இருக்கிறது? வருடத்துக்கு நாலு தடவை வருகிற கேக்கால் யாருக்கும் எல்டிஎல் 168 ஆவதில்லை. தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு வந்த பாட்டிலும் பிஸ்கட்டும் பொரித்ததும்தான் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தின.

அவள் கேட்ட அன்று "கேக் நல்லா இருந்துச்சா? சரி, வார்ம் அப் பண்ணு" என்று மாஸ்டர் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வரும். என் தோள் விஷயத்தில், எடையை உடனே கூட்டச் சொல்லி நான் அடம்பிடித்தபோதெல்லாம் இதே தொனியில்தான் என்னை அடக்கினார்.

என் கதையின் மீதி: குளிர்பானத்தை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் நாலரை மணிக்குத் தலை வலித்தது, யார் மேலாவது எரிந்து விழுந்தேன். பொரித்தது வாரம் ஒருநாள். பிஸ்கட் டப்பாவை மேஜையிலிருந்து அலமாரி உச்சிக்கு மாற்றினேன், ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும், பாதி நாள் சோம்பலே காப்பாற்றிவிடுகிறது. பழமும் பருப்பும் காய்கறியும் முன்னைவிட அதிகம். நடை அதே ஒரு மணி நேரம்தான், ஒரு நிமிஷம்கூடக் கூட்டவில்லை. எடை நாலு கிலோ இறங்கியிருக்கிறது. எல்டிஎல் போன வாரம் 131. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும் என்றார் மருத்துவர். ஜிம்முக்குப் போகிறீர்களா என்று இந்தத் தடவை அவராகவே கேட்டார்.

அந்தப் பழைய நோட்டை நாளைக் காலை வரவேற்பு மேஜையில் வைத்துவிட்டுப் போகிறேன். இடது பக்கம் முழுக்க எரித்த கணக்கு. வலது பக்கம் காலியாகவே கிடந்தது, ஞாபகம் இருந்த வரைக்கும் இப்போது நிரப்பியிருக்கிறேன். புதிதாகச் சேருகிற யாராவது திரையைப் பார்த்துக் குறித்துக்கொள்வதைக் கண்டால் அவரிடம் காட்டுங்கள். கையெழுத்து கொஞ்சம் மோசம், நடந்துகொண்டே எழுதியது.

வியாழக்கிழமை கால் பயிற்சி நாள் என்று போர்டில் பார்த்தேன். வருவேன். முட்டியை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் மாஸ்டர்.

அன்புடன்,
முதல் பேட்ச், மூன்றாவது ட்ரெட்மில்